சோற்றில் கலந்த மாத்திரை

ராக்ளோபிரைட் என்று சொல்லி எந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் கிடைக்காது. 1980களில் ஸ்வீடனின் அஸ்ட்ரா நிறுவனம் மனச்சிதைவு நோய்க்கு மருந்தாகலாம் என்று எண்ணி உருவாக்கிய வேதிப்பொருள் அது. நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தும் பார்த்தார்கள். கடைக்கு வரவில்லை. ஆனால் மூளை ஆய்வுக்கூடங்களில் ஓர் அளவுகோலாக அது நிலைத்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்த அளவுகோலில் தொடங்கி, அது ஒருநாளும் போய்ச்சேராத ஒரு வீட்டு அடுப்படியில் எழும் கேள்விக்குப் போகிறது: ஒருவருக்குத் தெரியாமல் அவருடைய சோற்றில் மனநோய் மாத்திரையைக் கலந்து கொடுப்பது சரியா?

துண்டு போட்ட சீட்

மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமைன். அது போய் அமர்வதற்கென்று அடுத்த அணுவின் மேல் இடங்கள் உண்டு. ஏற்பிகள் என்கிறோம். டோபமைனுக்கு டி1 முதல் டி5 வரை ஐந்து வகை ஏற்பிகள். ராக்ளோபிரைட் அதில் டி2வையும் அதன் நெருங்கிய உறவான டி3யையும் தேடிப் பிடிக்கும். மற்றவற்றைப் பெரும்பாலும் தொடாது. பிடித்தபிறகு அங்கே எந்த வேலையும் செய்யாது. சும்மா உட்கார்ந்திருக்கும்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர் பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்கள். துண்டு டிக்கெட் எடுக்காது, பயணமும் போகாது. ஆனால் அது கிடக்கும்வரை வேறொருவர் அங்கே உட்கார முடியாது. ஏற்பித் தடுப்பான் என்பது அந்தத் துண்டுதான். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் என்று மனநல மருத்துவர் சீட்டில் எழுதும் மருந்துகள் எல்லாமே டி2 இருக்கைகளின்மேல் துண்டு போடுபவை. அவற்றில் பல வேறு இருக்கைகளிலும் துண்டு போடும். ராக்ளோபிரைட் ஆய்வாளர்களுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அது எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரியும் என்பதுதான்.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டேயும் சகாக்களும் 1980களின் நடுவில் இதன்மேல் கார்பன்-11 என்ற கதிரியக்க அணுவை ஏற்றினார்கள். 20 நிமிடத்துக்கொருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும் அணு அது. செய்த கையோடு நரம்பில் செலுத்தி, பெட் ஸ்கேனில் படுக்கவைத்தால், உயிருள்ள மனிதரின் மூளையில் டி2 ஏற்பிகள் எங்கே இருக்கின்றன என்பது ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். காலி இருக்கையில் மட்டும்தான் இந்தக் கதிரியக்கத் துண்டு விழும். ஒருவர் ஏற்கெனவே ஹாலோபெரிடால் சாப்பிட்டிருந்தால் ஒளி குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இருக்கைகள் மருந்தால் நிரம்பியிருக்கின்றன என்று கணக்குப் போடலாம்.

மூளை தானே டோபமைனைச் சுரந்தாலும் ஒளி குறையும். 1998இல் லண்டனில் சிலருக்கு ஒரு டாங்க் ஓட்டும் வீடியோ கேம் கொடுத்து, நிலை தாண்டத் தாண்டப் பணம் என்று சொல்லி, ராக்ளோபிரைட் வைத்துப் பார்த்தார்கள். ஆடும்போது டோபமைன் சுரப்பது படத்தில் தெரிந்தது. 2001இல் வான்கூவரில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தாக இருக்கலாம் என்று நம்பும்படி வெறும் உப்புநீரை ஊசியில் போட்டார்கள். அந்த நம்பிக்கைக்கே டோபமைன் சுரந்தது. ஒரு மருந்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும், என்ன எதிர்பார்க்கிறோம் என்பதும் உடம்புக்குள் வேலை செய்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

வேணும், பிடிக்கும்

ஐடி அலுவலகங்களில் டோபமைன் என்ற சொல் இப்போது மலிந்து கிடக்கிறது. செயலியில் சிவப்புப் புள்ளி வைத்தால் "டோபமைன் ஹிட்", ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவைத்தால் "டோபமைன் டிடாக்ஸ்". டோபமைன் என்றால் இன்பம் என்று இதற்கெல்லாம் பொருள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கெண்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமைன் நரம்பணுக்களை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துப் பார்த்தார். அந்த எலிகள் எதிரே உணவு இருந்தும் போய்ச் சாப்பிடவில்லை. ஆனால் வாயில் சர்க்கரைநீரை விட்டால் மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சுழற்றி ரசித்தன. கனெடிகட்டில் ஜான் சாலமோன் எலிகளுக்குக் குறைந்த அளவில் டோபமைன் தடுப்பான் கொடுத்தார். பிடித்த உணவுக்காக நெம்புகோலை அழுத்திக்கொண்டிருந்த எலி அதை விட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா கிடந்த சாதாரணத் தீனியைத் தின்றது. பசி போகவில்லை. ருசி போகவில்லை. பாடுபட்டாவது அதை அடைய வேண்டும் என்ற உந்துதல்தான் போயிருந்தது.

ஆங்கிலத்தில் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தமிழில் இரண்டு சொல் போதும். பிடிக்கும் என்பது வேறு, வேணும் என்பது வேறு. பீடிக்காரரிடம் கேட்டால் தெரியும்: இப்போதெல்லாம் அது பிடிக்கக்கூட இல்லை, ஆனா வேணும். டோபமைன் அந்த 'வேணும்' பக்கத்தில் நிற்கிறது. உலகத்தில் கோடிப் பொருள்கள் இருக்க, இது எனக்கு முக்கியம், இதைக் கவனி, இதை நோக்கிப் போ என்று ஒன்றின்மேல் எடை ஏற்றுவது அது.

அந்த எடை ஏறக்கூடாத இடத்தில் ஏறினால்? 2003இல், அப்போது டொரண்டோவில் பணியாற்றிய ஷிதிஜ் கபூர், மனச்சிதைவு நோயை இந்தப் பக்கமிருந்து விளக்கினார். நோயின்போது டோபமைன் நேரம்காலம் இல்லாமல் சுரந்து, சாதாரணப் பொருள்களின்மேல் எடையை ஏற்றிவிடுகிறது. டீக்கடையில் ஒருவர் இருமுகிறார். அந்த இருமலுக்கு ஏதோ அர்த்தம் இருப்பதாகப் படுகிறது. தெருவில் ஒரே பைக் இரண்டு தடவை போகிறது. எதிர்வீட்டு விளக்கு அணைகிறது. எல்லாமே தன்னைக் குறித்து ஏதோ சொல்கின்றன. இத்தனை அர்த்தங்களையும் சுமந்துகொண்டு ஒரு மனிதரால் வெகுநாள் இருக்க முடியாது. அவருடைய அறிவு ஒரு விளக்கத்தைக் கட்டுகிறது: என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள். செய்வினை வைத்திருக்கிறார்கள். சோற்றில் எதையோ கலக்கிறார்கள். பிரமை என்று நாம் சொல்வது, அளவுக்கு மீறி எடை ஏறிப்போன உலகத்துக்கு ஒரு மனம் எழுதிக்கொண்ட விளக்கவுரை.

டி2 தடுப்பான் அந்த விளக்கவுரையை அழிக்காது. எடையைக் குறைக்கிறது. அவ்வளவுதான். "அந்த நெனப்பு இன்னும் இருக்கு, ஆனா முன்ன மாதிரி படுத்தல" என்கிற மாதிரிதான் தேறிவருபவர்கள் பேசுகிறார்கள் என்பது கபூரின் கவனிப்பு. எடை குறைந்தபின் அந்த விளக்கத்தைத் திரும்பப் படித்து, இது சரியில்லை என்று கண்டுகொண்டு, மெல்ல விடவேண்டிய வேலை அந்த மனிதருடையது. மருந்து அதற்கு இடைவெளி மட்டும் தருகிறது.

65, 72, 78

எவ்வளவு தடுத்தால் போதும்? ராக்ளோபிரைட் அளவுகோலின் மிகப் பெரிய பயன் இந்தக் கேள்விக்குத்தான். 2000இல் கபூர் குழு முதல்முறையாக நோய்வாய்ப்பட்ட 22 பேருக்கு மிகக் குறைந்த அளவில் ஹாலோபெரிடால் கொடுத்து ஸ்கேன் எடுத்தது. டி2 இருக்கைகளில் ஏறக்குறைய 65 சதவீதம் நிரம்பியபோது நோய் தணியத் தொடங்கியது. 72ஐத் தாண்டியபோது புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறியது. 78ஐத் தாண்டியபோது உடல் இறுகுவது, கை நடுங்குவது, ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிப்பது என்ற விளைவுகள் வந்தன.

நிவாரணத்துக்கும் தொல்லைக்கும் நடுவே 13 சதவீதப் புள்ளிகள். இது எல்லா மருந்துக்கும் எல்லா உடம்புக்கும் பொருந்தும் விதி அல்ல. குளோசபின் இதைவிடக் குறைவாகத் தடுத்தே வேலை செய்கிறது. எவ்வளவு தடுத்தாலும் தணியாத நோயாளிகளும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு விஷயம் இதில் தெளிவு. வழி குறுகலானது. ஒருவருக்குச் சரியாக இருக்கும் அளவு பக்கத்துக் கட்டில்காரருக்கு அதிகமாகலாம். அளவு கூடினால் வருவது மேலும் நலம் இல்லை, துன்பம்.

அந்தத் துன்பம் எப்படிப்பட்டது என்பதற்கு சோவியத் வரலாற்றில் சாட்சி உண்டு. லியோனிட் ப்ளியுஷ் என்ற கணிதவியலாளரை அரசை எதிர்த்ததற்காக மனநோயாளி என்று முத்திரை குத்தி, 1973இல் ட்னிப்ரோபெட்ரோவ்ஸ்க் சிறப்பு மனநல மருத்துவமனையில் அடைத்து ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். 1976இல் வெளிநாடு போகவிட்ட பிறகு அவர் சொன்னது: முதலில் அரசியலில் ஆர்வம் போனது, பிறகு அறிவியலில், பிறகு மனைவி மக்கள் மீதும். நோயில்லாதவரிடம் எடையைக் குறைத்தால் இதுதான் மிச்சம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அமைதியான மனிதர்.

இங்கே புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டரில் இருக்கும் சித்தன்னவாசலை நினைத்துக்கொள்கிறேன். அங்கே ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள், அதில் ஒன்றில் தமிழி எழுத்து. சமணத் துறவிகள் பாறையைச் செதுக்கிப் படுத்து 'வேணும்' என்பதையே தம்முள் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்ட இடம். கல்லில் அசையாமல் கிடக்கும் துறவியையும், ஹாலோபெரிடால் அதிகமாகிக் கட்டிலில் அசையாமல் கிடப்பவரையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தோன்றும். தமிழ் இலக்கணம் வித்தியாசத்தை ஒரு மெய்யெழுத்தில் வைத்திருக்கிறது: அடங்குவது, அடக்குவது. அமைதி நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், யார் அடங்கினார், யாரை அடக்கினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டையில் அளவுகோல்

2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பஸ் வந்தது. சென்னையின் ஸ்கார்ஃப், அதாவது 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம், டாடா அறக்கட்டளை ஒன்றின் உதவியோடு அனுப்பிய பஸ். உள்ளே ஓர் ஆலோசனை அறை, ஒரு மருந்தகம். கிராமத்தில் பஸ் நிற்கும். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளி சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் வருவார். நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசுவார். மருந்தை அங்கேயே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். மனநல மருத்துவர் என்றாலே திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டியிருந்த ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2017இல்தான்.

அந்தத் திரையில் இருக்கும் மருத்துவரிடம் ராக்ளோபிரைட் இல்லை. பஸ்ஸில் மட்டுமில்லை, உலகத்தின் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் அன்றாட நோயாளிக்கு ராக்ளோபிரைட் ஸ்கேன் எடுத்து மாத்திரையின் அளவை முடிவுசெய்வதில்லை. அது ஆய்வுக்கான கருவி. அப்படியென்றால் 65ஐத் தொட்டதா, 78ஐத் தாண்டியதா என்று மருத்துவர் எப்படித் தெரிந்துகொள்கிறார்?

கேட்கிறார். "எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா? உடம்பு இறுக்கமா இருக்கா? உட்கார்ந்தா எந்திரிக்கணும் எந்திரிக்கணும்னு இருக்கா? மாதவிலக்கு சரியா வருதா?" நடையைப் பார்க்கிறார், கையை நீட்டச் சொல்கிறார். மிச்சத்துக்கு நோயாளியின் வாய்தான். புதுக்கோட்டையில் இருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

இப்போது அடுப்படிக்குப் போகலாம். அறந்தாங்கிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 24 வயது மகன். ராத்திரி தூங்குவதில்லை, கூரையைப் பார்த்துப் பேசுகிறான், தங்கச்சியை அடிக்கப் போகிறான். எனக்கு நோயில்லை, மாத்திரை வேண்டாம் என்கிறான். தாய் மட்டும் போய் நிலைமையைச் சொல்லி மருந்து வாங்கிவருகிறார். மாத்திரையை அம்மியில் நுணுக்கி மோர்ச்சோற்றில் பிசைந்துவிடுகிறார். நம்மூரில் இது அபூர்வம் இல்லை. பல வீடுகளில் நடக்கிறது. தெரிந்தும் தெரியாததுபோல இருக்கும் மருத்துவர்களும் உண்டு.

மகன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்கிறான்: "ஆத்தா, சோத்துல என்னமோ கலந்திருக்க."

"ஒண்ணும் கலக்கலப்பா. சாப்புடு ராசா."

இந்த இரண்டு வரியில் உலகத்தைச் சரியாகச் சொன்னது யார்? உணவில் எதையோ கலக்கிறார்கள் என்பது மனச்சிதைவு நோயில் மிகச் சாதாரணமாக வரும் பிரமை. அந்தப் பிரமையை உண்மையாக்கிவிட்டோம். நோய் என்று யாரைச் சொல்கிறோமோ அவன் உள்ளதைச் சொன்னான். அவனைக் குணப்படுத்தும் நாம் பொய் சொன்னோம். இதில் குரூரமான இடம் எது தெரியுமா? மருந்து வேலை செய்யச் செய்ய அவன் அந்தச் சரியான சந்தேகத்தையும் கைவிடுவான். நோயிலிருந்து விடுபடுவதும் ஓர் உண்மையிலிருந்து விலக்கப்படுவதும் ஒரே நாளில் நடக்கும்.

தாயின் பக்கம்

அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நியாயமில்லை. அவர் முன்னால் இருக்கும் மாற்று வழிகள் என்ன? 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். கட்டவிழ்த்து ஓட முடியாமல் இறந்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து ஏர்வாடி தூரமில்லை. சங்கிலிக்கும் மோர்ச்சோற்றுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்தத் தாயும் மோர்ச்சோற்றைத்தான் எடுப்பார். நானும் அதைத்தான் எடுப்பேன்.

தாய்க்கு ஆதரவாக ஒரு வலுவான வாதமும் இருக்கிறது. ஒப்புதல் கொடுக்கும் திறனையே நோய் பறித்துவிட்டது. மருந்து அந்தத் திறனைத் திருப்பித் தரும். திருப்பிக் கிடைத்தபின் அவனே "நல்லவேளை செஞ்ச ஆத்தா" என்பான். அவனுடைய நாளைய ஒப்புதலை இன்றைக்குக் கடனாக வாங்குகிறோம், அவ்வளவுதானே?

வாதம் சரி. ஆனால் கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். நாளைக்கு அவன் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் நாளைக்கு அவனிடம் சொல்லியாக வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வீடுகள் நின்றுவிடுகின்றன. நன்றாகத்தானே இருக்கிறான், எதற்குக் கிளறிக்கொண்டு? சொன்னால் சண்டை வரும், சாப்பிடுவதையே நிறுத்திவிடுவான். ஒரு வாரம் ஒரு மாதமாகிறது, மாதம் வருடமாகிறது. பெண் பார்க்கிறார்கள். கல்யாணம் ஆகிறது. இனி மருமகளும் இந்த ரகசியத்தில் சேர வேண்டும், அல்லது அவளிடமிருந்தும் மறைக்க வேண்டும்.

இதற்குள் அவனுடைய மனதில் என்ன நடந்திருக்கும்? அவன் தன் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறான். எனக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், நான் மாத்திரை சாப்பிடவில்லை, தானாகவே சரியாகிவிட்டது. ஆக எனக்கு எப்போதும் மாத்திரை தேவைப்பட்டதில்லை. இந்த முடிவில் துளியும் பைத்தியக்காரத்தனம் இல்லை. அவனுக்குக் கிடைத்த தரவுகளிலிருந்து யாரும் வரக்கூடிய முடிவு. என் தொழிலில் இதற்கு நல்ல ஒப்புமை உண்டு. யாரோ ஒருவர் சர்வரில் ஓர் அமைப்பை மாற்றிவிட்டு எங்கும் பதிவுசெய்யாமல் போய்விடுவார். சிக்கல் தீர்ந்ததுபோல இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்க்க வருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தவறான முடிவுக்குத்தான் வருவார். ஏனென்றால் பதிவேடு பொய் சொல்கிறது. அந்த மகனுடைய வாழ்க்கையின் பதிவேட்டிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டோம். அடுத்தமுறை அவன் மருந்தை மறுக்கும்போது, அந்த மறுப்புக்கான சான்றை அவன் கையில் கொடுத்தவர்கள் நாம்.

அளவுகோலையும் நாம்தான் உடைத்தோம். மருந்து சாப்பிடுவதே தெரியாதவனிடம் "மாத்திரை போட்டபிறகு எப்படி இருக்கு?" என்று யார் கேட்பது? அவனுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை முற்றத்தில் நடக்கிறான். 78ஐத் தாண்டியதன் அறிகுறியாக இருக்கலாம். தாய் அதை நோய் முற்றியதாக எடுத்துக்கொண்டு அரை மாத்திரையை முழுதாக்குவார். மகன் இல்லாமல் மகள் என்று வைத்துக்கொண்டால் இன்னும் மோசம். ரிஸ்பெரிடோன் புரோலாக்டினை ஏற்றி மாதவிலக்கை நிறுத்தக்கூடிய மருந்து. திருமணமாகாத பெண்ணுக்கு மூன்று மாதம் தள்ளிப்போகிறது. காரணம் அவளுக்குத் தெரியாது. ஊர் கேட்கும் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. தன் உடம்பே தனக்கு எதிராக ஏதோ செய்கிறது என்று அவள் பயந்தால், அதைப் பிரமைக் கணக்கில்தான் எழுதுவார்கள்.

நடைமுறைத் தொல்லைகளும் இருக்கின்றன. பாதிச் சோற்றில் எழுந்துபோனால் பாதி மருந்து. திருவிழாவுக்கு மாமா வீட்டுக்குப் போனால் மூன்று நாள் மருந்து இல்லை. ரிஸ்பெரிடோன் சொட்டுமருந்தாகக் கிடைப்பதால் டீயில் விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. அந்த மருந்தோடு வரும் குறிப்பிலேயே டீயிலும் கோலாவிலும் கலக்கக் கூடாது என்று இருக்கிறது. ரகசியத்தில் செய்வதால் குறிப்பைப் படித்துச் சொல்லவும் ஆளில்லை.

வெளிப்படையான கட்டாயம்

என் முடிவு சிலருக்குக் கடுமையாகப் படலாம். ரகசியமான பரிவைவிட வெளிப்படையான கட்டாயம் மேல்.

மகன் தங்கச்சியின்மேல் கத்தியை ஓங்கும் நாளில் நான்கு பேர் பிடித்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோய், "உனக்கு ஊசி போடப் போகிறோம், உன் விருப்பத்துக்கு மாறாகத்தான் போடுகிறோம்" என்று சொல்லிப் போடுவது கொடுமையாகத் தெரியும். ஆனால் அவன் அதை எதிர்க்கலாம், ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், பின்னால் கோபப்படலாம், கேள்வி கேட்கலாம். அவன் அந்தச் சண்டையில் ஒரு தரப்பு. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இதற்கு வழியும் வைத்திருக்கிறது. ஒப்புதல் தர முடியாத நிலையில் அவருடைய நியமனப் பிரதிநிதி வழியாகச் சேர்க்கலாம். அந்த முடிவை எதிர்த்து முறையிட வாரியம் உண்டு. சங்கிலி கூடாது என்று அதே சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. மோர்ச்சோற்றை எதிர்த்து எந்த வாரியத்தில் முறையிடுவது? நடந்ததே தெரியாதே.

இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிமருந்துகள் இருக்கின்றன. தினமும் மாத்திரை விஷயத்தில் சண்டையிடுபவர்கள் சிலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, நன்றாக இருக்கும்போதே ஒருவர், தனக்கு மீண்டும் நோய் வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எது கூடாது என்று எழுதிவைக்கலாம் என்கிறது. சித்தன்னவாசல் துறவியின் அடக்கத்துக்கு மிக அருகில் ஒரு நோயாளி வரக்கூடிய இடம் இதுதான். 'வேணும்' குறைக்கப்படும், ஆனால் குறைக்கச் சொன்னது அவர். ஆனால் தனக்கு நோய் இருந்ததும், எந்த மருந்தில் தேறினோம் என்பதும் தெரிந்தவர்தான் இதை எழுத முடியும். ரகசியத்தில் குணமானவர் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

எல்லா வீட்டிலும் நான்கு பேர் இல்லை, எல்லா ஊரிலும் ஆம்புலன்ஸ் வேளைக்கு வருவதில்லை, வயதான தாயும் மகனும் மட்டும் இருக்கும் வீடுகள் உண்டு என்பது தெரியும். அங்கே முதல் சில நாள் மோர்ச்சோறுதான் வழி என்றால், அந்தக் கையைத் தட்டிவிட எனக்கு மனம் வராது. ஆனால் அதைச் சிகிச்சை என்று சொல்லாமல் கடன் என்றே சொல்லுவேன். கடனுக்குத் தவணை உண்டு. அவன் இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போலத் தூங்கி, மூன்றாம் நாள் "பசிக்குது" என்று தானாகக் கேட்கும்போது, தவணை வந்துவிட்டது.

சொல்வது எப்படி? தாய் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் வரும் நாளில், கிராமத்தில் வேலைபார்க்கும் பணியாளர் அக்கா பக்கத்தில் இருக்க, திரையில் மருத்துவர் இருக்கச் சொல்லலாம். அவனுக்கு நோயைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவனே ஒத்துக்கொள்ளும் ஒரு தொல்லையிலிருந்து தொடங்கினால் போதும். "தூக்கமில்லாமக் கெடந்தியே தம்பி, இப்பத் தூங்குற. அதுக்கு ஒரு மருந்து குடுத்தோம். ஒங்கிட்டச் சொல்லாமக் குடுத்தோம். அன்னிக்கு நீ கேட்டது சரிதான், நான்தான் பொய் சொன்னேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. அதில்தான் அவனுடைய அறிவுக்கு மரியாதை இருக்கிறது. நீ நினைத்ததெல்லாம் பிரமை இல்லை, சிலது சரி, சிலது தப்பு, எது எது என்று சேர்ந்து பார்ப்போம் என்று அது சொல்கிறது. அவன் கோபப்படுவான். ஒருவேளை மாத்திரையை நிறுத்தியும்விடலாம், நோய் திரும்பவும் வரலாம். அந்த ஆபத்தை நான் சின்னதாக்கிச் சொல்லவில்லை. ஆனால் அடுத்தமுறை வரும்போது அவனிடம் ஒரு தகவல் இருக்கும்: சாப்பிட்டபோது தூங்கினேன், நிறுத்தினேன், தூக்கம் போனது. அந்த முடிவுக்கு அவனாகவே வந்திருப்பான்.

வான்கூவர் உப்புநீரை ஞாபகம் இருக்கிறதா? இது மருந்து என்று தெரிந்து எடுத்துக்கொள்பவருக்கு, அந்தத் தெரிதலே உடம்புக்குள் ஒரு பங்கு வேலை செய்தது. மனச்சிதைவுக்கும் அப்படியே நடக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ரகசிய மாத்திரையில் மருந்து மட்டும் போகிறது, தெரிதல் போவதில்லை. அடுத்த மாதம் பஸ் வரும்போது திரையிலிருந்து கேட்பார்கள், "எப்படி இருக்கு தம்பி?" தான் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவன் சொன்னால்தான் அந்தப் பதிலை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.